ஏசி பூட்டுவதற்கு முன் ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள்

கிளிநொச்சியில், ஏ9 வீதியிலிருந்து பிரியும் கிரவல் ஒழுங்கை ஒன்றில் ஆறு அறைகள் கொண்ட விடுதியை நடத்துகிறேன். ஆறு அறையிலும் ஏசி உண்டு. பூட்டிப் பதினான்காம் மாதம், ஆடிக் கடைசியில், நான்காம் அறையின் கம்ப்ரசர் நின்றுபோனது. அறையில் கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், கைக்குழந்தை வேறு. கம்ப்ரசருக்கு ஐந்து வருட உத்தரவாதம் இருந்ததால் நான் பதறவில்லை. வாங்கிய கடைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

மறுமுனையில் பேசியவர் நான்கு கேள்விகள் கேட்டார். பில் இருக்கிறதா? வெளிப்பெட்டியின் தொடரிலக்கம் என்ன? யார் பூட்டியது? கடைசியாக எப்போது சேர்விஸ் செய்தீர்கள்?

பில் இருந்தது. கோவையிலிருந்து எடுத்துப் பார்த்தால் அது வெறும் வெள்ளைத் தாள். சூட்டில் அச்சாகும் வழுவழுப்பான தாளில் கொடுத்த பில். பதினான்கு மாதத்தில் எழுத்தெல்லாம் மறைந்துவிட்டது. ஏசி என்றால் அறைக்குள் ஓர் உட்பெட்டி, சுவருக்கு வெளியே கம்ப்ரசர் இருக்கும் ஒரு வெளிப்பெட்டி. தொடரிலக்கத்தை வெளிப்பெட்டியில் பார்த்துச் சொன்னேன். அவர்களுடைய பதிவில் அந்த இலக்கம் வேறொரு உட்பெட்டியோடு சோடியாக இருந்தது. ஐந்தாம் அறையின் வெளிப்பெட்டியை நான்காம் அறைக்குப் பூட்டியிருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பூட்டியவரின் தொலைபேசி இலக்கம் மாறிப்போயிருந்தது. சேர்விஸ் மூன்று முறை நடந்தது, மூன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டுக்கூட என்னிடம் இல்லை. ஐந்து கிழமை அலைந்து, இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய கம்ப்ரசருக்குப் பாதிப் பணம் கட்டித்தான் மாற்றினேன்.

அதன் பிறகு நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். புதிதாக ஏசி பூட்டும் மருந்தகம், ரியூசன் நிலையம், தையற்கடை, விடுதி, வீடு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இயந்திரத்தைத் திருத்தத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுதவும் படமெடுக்கவும் தெரிந்தால் போதும். எழுதுவதற்கு ஒரு சி.ஆர். கொப்பி, அதாவது கெட்டி அட்டை போட்ட குறிப்புப் புத்தகம், வேண்டும்.

1. கடையிலேயே தொடங்குங்கள்

பணம் கட்டுவதற்கு முன் பில்லில் நான்கு விபரம் இருக்கிறதா என்று பாருங்கள்: உங்கள் பெயர், ஏசி பூட்டப்போகும் இடத்தின் விலாசம், மாதிரி இலக்கம், உட்பெட்டி வெளிப்பெட்டி இரண்டினதும் தொடரிலக்கங்கள். "ஏசி 12000 - 1" என்று மட்டும் எழுதித் தருவார்கள். அதை ஏற்காதீர்கள். பெட்டி களஞ்சியத்தில் இருக்கிறது, இலக்கம் தெரியாது என்றால், பெட்டி வீட்டுக்கு வந்ததும் எழுதிச் சீல் வைத்துத் தரும்படி அங்கேயே சொல்லிவிடுங்கள்.

வழுவழுப்பான தாளில் பில் தந்தால் அன்றே நிழற்பிரதி எடுங்கள். இருபது ரூபாவுக்குள் முடிகிற வேலை. அந்தத் தாளை லமினேற் செய்யவே செய்யாதீர்கள். சூடு பட்டதும் முழுத் தாளும் கறுத்துப்போகும். எனக்குத் தெரிந்த ஒருவர் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அப்படிச் செய்து, கரிய அட்டை ஒன்றைப் பெற்றுக்கொண்டு வந்தார்.

பற்றுச்சீட்டுக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் கொடுக்க வேண்டியது விற்பவரின் கடமை.

உத்தரவாத அட்டையை மூன்று கேள்விகளோடு வாசியுங்கள். கம்ப்ரசருக்கு எத்தனை வருடம், மற்றைய பாகங்களுக்கு எத்தனை வருடம்? கூலி, காஸ் (குழாய்க்குள் ஓடும் குளிரூட்டும் வாயு), பயணச் செலவு அதில் அடங்குமா? யார் பூட்டினால் செல்லும்? ஐந்து வருடம், பத்து வருடம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் கம்ப்ரசர் என்ற ஒரு பாகத்துக்கு மட்டுமே. சில நிறுவனங்கள் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதிவு செய்யவும் கேட்கின்றன. அந்த நாளைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுங்கள்.

2. பெட்டி உயரே போவதற்கு முன் தகட்டைப் படமெடுங்கள்

உட்பெட்டியிலும் வெளிப்பெட்டியிலும் பக்கவாட்டில் ஒரு விபரத் தகடு ஒட்டியிருக்கும். மாதிரி இலக்கம், தொடரிலக்கம், குளிரூட்டும் திறன், மின்னோட்டம், காஸின் வகை, காஸின் நிறை எல்லாம் அதில் உண்டு. பெட்டியைச் சுவரில் ஏற்றிய பிறகு அந்தத் தகடு சுவர்ப்பக்கம் போய்விடலாம். வெளிப்பெட்டியில் இரண்டு வருட வெயில் அதை வெளிறச் செய்துவிடும். பெட்டி நிலத்தில் இருக்கும்போதே, நிழலில் வைத்து, எழுத்துத் தெளிவாகத் தெரியும்படி படமெடுங்கள். எடுத்த படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தும் வாசிக்க முடிகிறதா என்று அங்கேயே பாருங்கள். எட்டும் பூச்சியமும் மங்கலில் ஒன்றுபோல் இருக்கும்.

தகட்டில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது காஸ். இப்போது வீட்டு ஏசிகளில் அதிகம் வருபவை ஆர்-32, ஆர்-410ஏ. பழைய பெட்டி என்றால் ஆர்-22. ஒன்றுக்குரிய பெட்டியில் மற்றதை அடைக்கக் கூடாது. ஆர்-32 மெல்லத் தீப்பற்றக்கூடியது; அது உள்ளே இருக்கும்போது குழாயில் நெருப்பு வைத்து ஒட்டக் கூடாது. காஸின் பெயரையும் நிறையையும் கொப்பியில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள். என்னுடைய பெட்டி ஒவ்வொன்றிலும் 0.70 கிலோகிராம் என்று போட்டிருந்தது. இந்த எண் பின்னர் உங்கள் பணத்தைக் காப்பாற்றும். எப்படி என்று ஆறாம் படியில் சொல்கிறேன்.

3. பூட்டும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள்

இதுதான் முக்கியமான நாள். அன்று வேறு வேலை வைக்காதீர்கள். ஒரு பெட்டி பூட்ட மூன்று நான்கு மணி நேரம் எடுக்கும். வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வருகிறவர்கள் இருட்டுவதற்கு முன் திரும்பிப் போகவே பார்ப்பார்கள். அந்த அவசரத்தில் விடுபடுவதைத்தான் நீங்கள் பிறகு வருடக்கணக்கில் சுமக்க நேரும்.

முதலில் பூட்டுகிறவரின் பெயர், தொலைபேசி இலக்கம், யாருக்காக வேலை செய்கிறார் என்பதை எழுதுங்கள். குளிரூட்டல் தொழிலில் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருந்தால் அதன் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கேட்டால் நல்ல தொழிலாளி கோபப்பட மாட்டார். என் விடுதிக்கு இரண்டாம் முறை வந்த இளைஞர் தன் கைத்தொலைபேசியில் இருந்த சான்றிதழைப் பெருமையோடு எடுத்துக் காட்டினார்.

பிறகு எழுத வேண்டியவை:

குழாயின் நீளம். செம்புக் குழாய் உட்பெட்டியிலிருந்து வெளிப்பெட்டி வரை எத்தனை மீற்றர் என்று அளக்கச் சொல்லுங்கள். தொழிற்சாலையில் அடைத்த காஸ் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்குத்தான் போதும். என் பெட்டியின் கையேட்டில் அது 7.5 மீற்றர், அதற்கு மேல் மீற்றருக்கு 20 கிராம். ஆறாம் அறைக்கு 11 மீற்றர் குழாய் போனது. மிகுதி 3.5 மீற்றருக்கு 70 கிராம் சேர்க்க வேண்டும். உங்கள் பெட்டிக்கு இந்த எண்கள் வேறாக இருக்கும், கையேட்டைப் பாருங்கள். சேர்த்தார்களா, எத்தனை கிராம், தராசில் நிறுத்தார்களா என்று எழுதுங்கள்.

வெற்றிடம். குழாயைப் பொருத்திய பின் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். பம்ப் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம் இரண்டையும் எழுதுங்கள். பதினைந்து நிமிடத்துக்குக் குறையக் கூடாது. அழுத்தமானியின் முள் −0.1 மெகாபாஸ்கலுக்கு வந்து, பம்பை நிறுத்திய பிறகும் ஏறாமல் நிற்க வேண்டும். அந்த முள்ளைப் படமெடுங்கள். இங்கே ஒரு குறுக்குவழி உண்டு: பம்ப் கொண்டுவராமல், பெட்டியில் இருக்கும் காஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளுவார்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். காஸும் குறையும், ஈரமும் உள்ளே தங்கும்; ஆர்-32 என்றால் ஆபத்தும் சேரும். வாகனத்திலிருந்து பம்ப் இறங்காவிட்டால் வேலையைத் தொடங்க விடாதீர்கள்.

மின்சாரம். பிரேக்கர் எத்தனை அம்பியர், வயரின் பருமன் என்ன, தனி வயரா அல்லது வேறு பிளக்கோடு சேர்ந்ததா, எர்த் கம்பி கொடுக்கப்பட்டதா, ட்ரிப் சுவிட்ச் (மின்சாரம் கசிந்தால் தானே நிறுத்தும் சுவிட்ச்) அழுத்திப் பார்க்கப்பட்டதா. சுவருக்குள் போகும் வயரையும் குழாயையும் மேசன் பூசுவதற்கு முன் படமெடுங்கள். அளவு தெரிவதற்காக ஒரு அளவுநாடாவைப் பக்கத்தில் விரித்து வைத்து எடுத்தால், பிறகு படம் மாட்ட ஆணி அடிக்கும்போது குழாயில் ஓட்டை போடாமல் தப்பலாம்.

முதல் நாள் அளவுகள். பெட்டியை ஓடவிட்டு, காற்றை உச்சத்தில் வைத்து, பதினைந்து நிமிடம் கழித்து நான்கு எண்கள் எடுக்கச் சொல்லுங்கள்: மின்னழுத்தம், மின்னோட்டம், உட்பெட்டி உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை, வெளிவிடும் காற்றின் வெப்பநிலை. கடைசி இரண்டுக்கும் இடையே எட்டிலிருந்து பன்னிரண்டு பாகை வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் நன்றாகக் குளிரூட்டுகிறது என்று கொள்ளலாம். இன்வேர்ட்டர் பெட்டி அறை குளிர்ந்ததும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே அறை சூடாக இருக்கும்போது, மிகக் குறைந்த பாகையில் வைத்து அளக்க வேண்டும்.

"எதற்கு அக்கா இதெல்லாம்? குளிர் வந்தால் போதும்தானே" என்று கேட்டார் அந்த இளைஞர்.

"அடுத்த வருடம் குளிர் குறைகிறது என்று நான் சொன்னால் நீங்கள் எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள், தம்பி?" என்றேன்.

சிறிது நேரம் யோசித்தார். பிறகு தானே கொப்பியை வாங்கி எண்களை எழுதிக் கையெழுத்தும் போட்டார். கையெழுத்து வாங்க மறக்காதீர்கள்.

கடைசிப் பணத்தை இவையெல்லாம் எழுதிய பின்பே கொடுங்கள். பணம் கைமாறிய பிறகு எண் எடுக்க யாரும் ஏணியில் ஏற மாட்டார்கள்.

4. பெட்டிக்குப் பெயர் வையுங்கள்

ஒன்றுக்கு மேற்பட்ட ஏசி இருந்தால் உட்பெட்டி, வெளிப்பெட்டி, பிரேக்கர் மூன்றிலும் ஒரே இலக்கத்தைப் பெயின்ற்றால் எழுதுங்கள். அறை 4 என்றால் மூன்றிலும் 4. ஸ்டிக்கர் வெயிலில் உரியும். என் விடுதியின் பின்சுவரில் ஆறு வெளிப்பெட்டிகள் ஒரே நிறத்தில் வரிசையாக இருக்கின்றன. ஒருமுறை மூன்றாம் அறை பழுது என்று வந்தவர் நல்லபடி ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அறைப் பெட்டியைக் கழற்றிவிட்டார்.

5. கொப்பியில் என்ன எழுதுவது

கணினியில் அட்டவணை போடலாம். நானும் போட்டேன், இரண்டு மாதத்தில் கைவிட்டேன். ஏணியின் அடியில் நின்று கைத்தொலைபேசியில் கட்டம் கட்டமாக நிரப்ப முடியாது. கெட்டி அட்டை போட்ட சி.ஆர். கொப்பி ஒன்று, ஒரு குமிழ்முனைப் பேனா, இரண்டையும் நூலால் கட்டி வையுங்கள். ஒரு பெட்டிக்குப் பத்துப் பக்கம் ஒதுக்குங்கள். முதற்பக்கத்தில் தகட்டின் விபரமும் பூட்டிய நாளின் அளவுகளும். மற்றைய பக்கங்களில் திகதி வரிசையில் நடந்தவை.

என் கொப்பியிலிருந்து ஒரு பதிவு:

"17.03.2025, காலை 10.20. அறை 4. உட்பெட்டி, வெளிப்பெட்டி கழுவியது. 226 வோல்ட், 4.8 அம்பியர். உள்ளிழுக்கும் காற்று 29, வெளிவரும் காற்று 17. காஸ் சேர்க்கவில்லை. தண்ணீர் வடியும் குழாயில் எறும்புப் புற்று, எடுத்தாயிற்று. வெளிப்பெட்டிக் காற்றாடியின் ஒரு ஆணி தளர்வு, இறுக்கியது. 4,500 ரூபா, பற்றுச்சீட்டு உண்டு. அடுத்தது ஆனிக் கடைசி."

கீழே அவருடைய கையெழுத்து, என்னுடைய கையெழுத்து. எழுத மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"காஸ் சேர்க்கவில்லை" என்பதை எழுதியே ஆக வேண்டும். எழுதாமல் விட்டால் சேர்த்ததா இல்லையா என்று பிறகு ஒருவருக்கும் தெரியாது. "எல்லாம் சரி" என்று எழுதுவதில் பயனில்லை, எண்ணை எழுதுங்கள்.

பழுது வந்தால், திருத்துநர் வருவதற்கு முன் நீங்களே எழுத வேண்டியவை: நின்ற நேரம், அதற்கு முன் மின்சாரம் போய்வந்ததா, இடி மின்னல் இருந்ததா, எந்த விளக்கு எத்தனை முறை சிமிட்டியது அல்லது என்ன குறியீடு காட்டியது. பிரேக்கரை நிறுத்திப் போட்டால் அந்தக் குறியீடு பல பெட்டிகளில் மறைந்துவிடும். முதலில் அதைக் காணொளியாக எடுத்துவிட்டுப் பிறகு நிறுத்துங்கள்.

கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். மின்னணுப் பலகை மாற்றினேன் என்றால் பழைய பலகை உங்கள் கையில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பலகை எரிவதற்குப் பல்லியும் ஒரு காரணம். வெளிப்பெட்டிக்குள் புகுந்து இரண்டு முனையையும் தொட்டுத் தானும் கருகி, பலகையையும் கருக்கிவிடும். பல்லியோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

6. காஸுக்குத் தனிப் பக்கம்

வன்னியில் ஏசி வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் "வருடம் ஒருமுறை காஸ் அடிக்க வேண்டும்" என்பார். வாகனத்துக்குப் பெற்றோல் போல அது தீர்ந்துபோகும் என்ற நினைப்பு. உண்மை அதுவல்ல. காஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, செலவாவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் காஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வார்க்கிற வேலை.

இதைப் பிடிக்கத்தான் தனிப் பக்கம். ஒவ்வொரு முறை காஸ் சேர்க்கும்போதும் திகதி, காஸின் வகை, எத்தனை கிராம், சிலிண்டரைத் தராசில் வைத்த போது முன்னும் பின்னும் என்ன நிறை, கசிவு எங்கே தேடினார்கள், என்ன கண்டார்கள் என்று எழுதுங்கள். ஒரே பெட்டிக்கு இரண்டாம் பதிவு விழுந்தால், மூன்றாம் முறை காஸ் அடிக்கச் சம்மதிக்காதீர்கள். குழாய் முனைகளின் நட்டைச் சவர்க்கார நுரை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நைதரசன் அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கசிவு பெரும்பாலும் அந்த நட்டுகளில்தான் இருக்கும்.

அழுத்தமானியை மட்டும் பார்த்து "குறைவாக இருக்கிறது" என்று சொல்வதை இன்வேர்ட்டர் பெட்டியில் நம்ப முடியாது. வேகத்துக்கு ஏற்ப அழுத்தம் மாறும். காஸ் குறைந்த பெட்டியைச் சரியாக நிரப்பும் வழி, மிஞ்சிய காஸை எடுத்துவிட்டு, கசிவை அடைத்து, வெற்றிடம் செய்து, தகட்டில் சொன்ன நிறையைத் தராசில் நிறுத்து அடைப்பதுதான். நீளக் குழாய்க்கு மேலதிகமாகச் சேர்த்தது இருந்தால் அதையும் கூட்ட வேண்டும். இரண்டாம் படியில் சிவப்பு மையால் எழுதிய எண் இங்கேதான் உதவுகிறது. என் ஆறாம் அறைக்கு 700 கிராமும் 70 கிராமும் சேர்ந்து 770. அந்த அறைக்கு ஒரு கிலோ அடித்தேன் என்று ஒருவர் கணக்குக் காட்டினார். கொப்பியைத் திறந்து காட்டியதும் மறுபடி கணக்குப் பார்த்துக்கொண்டார்.

7. எந்த மாதத்தில் என்ன

வடிகட்டியை இரண்டு கிழமைக்கு ஒருமுறை நீங்களே கழற்றிக் கழுவலாம். சோளகக் காற்றுக் காலத்தில், வைகாசியிலிருந்து ஆவணி வரை, கிரவல் வீதியோரம் இருப்பவர்கள் கிழமைக்கு ஒருமுறை கழுவ வேண்டும். என் வடிகட்டிகள் ஆறே நாளில் செங்கல் நிறமாகிவிடுகின்றன. இதற்குப் பெரிய பதிவு தேவையில்லை. நாட்காட்டியில் ஒரு புள்ளி போதும்.

முழுச் சேர்விஸ் வருடத்துக்கு மூன்று முறை செய்கிறேன்: மாரி மழை ஓய்ந்து தைப்பொங்கல் கழிந்தபின் பங்குனி வெயிலுக்கு முன் ஒன்று, வெளிநாட்டுக்காரர் வருவதற்கு முன் ஆனியில் ஒன்று, ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒன்று. வீட்டில் இரவில் மட்டும் ஓடும் ஏசிக்கு இரண்டு போதும். முல்லைத்தீவுக் கரையோரம் இருப்பவர்கள் வெளிப்பெட்டியை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உப்புக் காற்று அலுமினியத் தகடுகளைத் தின்றுவிடும்.

சித்திரை வெயிலில் தொலைபேசி எடுத்தால் எவரும் வர மாட்டார்கள். வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா நாட்களும் அப்படியே. மூன்று கிழமைக்கு முன்பே நாள் குறித்து வையுங்கள். அக்கம்பக்கத்தில் ஏசி வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரோடு ஒரே நாளில் கூப்பிட்டால் பயணச் செலவைப் பங்கிடலாம். மாங்குளத்துக்கு உள்ளே, ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்புப் பக்கம் இருப்பவர்களுக்கு இது கணிசமான தொகை.

மாலையில் மின்னழுத்தம் விழுகிற இடமென்றால் கிழமைக்கு ஒருநாள் இரவு எட்டு மணிக்கு எத்தனை வோல்ட் என்று குறியுங்கள். மின்சார முறைப்பாட்டுக்கான 1987 இலக்கத்துக்கு அழைத்து முறையிட்டால் தரும் முறைப்பாட்டு இலக்கத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். "மின்சாரக் கோளாறால் பழுது" என்று உத்தரவாதத்தை மறுக்கிறவர்களிடம் பேச இது ஒன்றுதான் கையில் இருக்கும்.

8. பாதுகாப்பு

வன்னியில் காகிதத்துக்கு மூன்று எதிரிகள்: கறையான், எலி, வெள்ளம். 2018 டிசம்பர் வெள்ளத்தில் அலுமாரியின் கீழ்த்தட்டில் கோவைகளை வைத்திருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பில், உத்தரவாத அட்டை, பற்றுச்சீட்டுகளைப் பிளாஸ்ரிக் உறையிட்டு இரும்பு அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். கொப்பி மட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சேர்விஸ் முடிந்ததும் அன்றைய பக்கத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள். நான் என் தங்கைக்கு அனுப்புகிறேன். கைத்தொலைபேசி கிணற்றில் விழுந்தாலும் அவளிடம் இருக்கும்.

9. உத்தரவாதம் கேட்கும்போது

முதல் அழைப்போடு நிறுத்தாதீர்கள். அன்றே எழுத்திலும் அனுப்புங்கள்: பில்லின் படம், இரண்டு தகட்டின் படம், பூட்டிய நாளின் பக்கம், கடைசி இரண்டு சேர்விஸ் பக்கங்கள், பழுதின் காணொளி. பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறியுங்கள். உத்தரவாதம் முடியும் கிழமையில் பழுது வந்தால் இந்த எழுத்துத்தான் திகதியை நிரூபிக்கும்.

அவர்கள் அனுமதிக்கும் வரை வெளியாளைக் கொண்டு பெட்டியைத் திறக்க வேண்டாம். அவசரத்தில் எல்லாரும் விடும் பிழை இது. நானும் விட்டேன், அதையும் காரணம் காட்டித்தான் என்னிடம் பாதிப் பணம் வாங்கினார்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம். 1977 அதன் அழைப்பிலக்கம். விற்பனையோ சேவையோ நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பதால், "பார்ப்போம், வருவோம்" என்ற பேச்சில் நாட்களைக் கடத்த விடாதீர்கள்.

10. செலவு

சி.ஆர். கொப்பி, பிளாஸ்ரிக் உறைகள், பேனா, பெயின்ற், நிழற்பிரதி எல்லாமாக எனக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாவுக்குள் முடிந்தது. நீள முனை வைத்த சிறிய வெப்பமானி ஒன்றை அதற்கு மேல் வாங்கினேன். அது மிகவும் உதவுகிறது. இடையில் எப்போது வேண்டுமானாலும் நானே உள்காற்றையும் வெளிக்காற்றையும் அளந்து பார்க்கிறேன். வித்தியாசம் பன்னிரண்டிலிருந்து ஏழுக்கு இறங்கினால் விருந்தினர் முறையிடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது. மின்னோட்டம் அளக்கும் கவ்வுமானி வாங்க ஆசைப்பட்டேன். திருத்துநரிடமே இருப்பதால் விட்டுவிட்டேன்.

11. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால்

எங்கள் ஊரில் உரிமையாளர் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் பிள்ளைகள் ஏசி பூட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அம்மாவோ சித்தப்பாவோ வீட்டைப் பார்த்துக்கொள்வார். பில் அவர்கள் பெயரில், கொப்பி இங்கே, உத்தரவாத அட்டை யாருடைய சூட்கேசிலோ. பில்லின் நிழற்பிரதியையும், வீட்டைப் பார்ப்பவர் உங்கள் சார்பில் பேசலாம் என்று கையெழுத்திட்ட ஒரு கடிதத்தையும் கொப்பியின் பின் அட்டையில் ஒட்டிவிட்டுப் போங்கள். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள்; ஓடவிட்ட நாளை எழுதச் சொல்லுங்கள். முதியவர்களுக்கு எண்கள் எழுதச் சிரமமென்றால், தூரக்கட்டுப்பாட்டுக் கருவியையும் வெப்பமானியையும் ஒன்றாகப் பிடித்துப் படமெடுத்து அனுப்பினாலே போதும்.

12. ஏற்கெனவே பூட்டிவிட்டவர்கள்

பழைய விபரம் எதுவும் இல்லையென்று விட்டுவிட வேண்டாம். ஏணி வைத்துத் தகட்டைப் படமெடுங்கள். எட்டாவிட்டால் கைத்தொலைபேசியைத் தடியில் கட்டி எடுங்கள். கடையில் பில்லின் பிரதி கேளுங்கள். வாங்கிய மாதம் தெரிந்தால் பல கடைகள் தேடித் தருகின்றன. அடுத்த சேர்விஸ் முடிந்து பெட்டி சுத்தமாக இருக்கும்போது நான்கு எண்களையும் எடுத்து, அதையே முதல் நாள் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் நீளம், வெற்றிடம் செய்தார்களா என்பது போன்ற தெரியாத இடங்களில் "தெரியாது" என்றே எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். என் கொப்பியில் நான்காம் அறையின் முதற்பக்கத்தில் அந்தச் சொல் ஐந்து இடத்தில் இருக்கிறது.